எந்த வருஷத்து வண்டி

ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை, பனி உருகி எங்கள் டிரெய்லர் பார்க் முழுவதும் சேறாகக் கிடக்கும் காலையில், முப்பத்தொன்றாம் மனையில் ஏணி சாத்தும் சத்தம் கேட்கும். வெண்டெல் ஸ்டட்ஸ்மன், சக்கரங்களின் மேல் நிற்கும் தன் டிரெய்லர் வீட்டின் கூரைக்கு ஏறுகிறார் என்று அர்த்தம். கையில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர், இடுப்பில் பசை அடிக்கும் துப்பாக்கி, முட்டிக்கு அடியில் போட்டுக்கொள்ள ஒரு பலகை. கூரையில் அவர் நிற்க மாட்டார், மண்டியிட்டுத்தான் நகர்வார். வெள்ளை ரப்பர் விரிப்பில் எங்கெல்லாம் ஓட்டை போட்டு எதையாவது பொருத்தியிருக்கிறார்களோ, அங்கெல்லாம் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போவார். கண்ணை அவர் நம்புவதில்லை. வெடிப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

அவருக்கு இது தெரிந்திருப்பதில் வியப்பில்லை. இந்தியானா மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில் யாரைக் கேட்டாலும், வாழ்க்கையில் ஒருமுறையாவது டிரெய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்திருப்பார்கள். வெண்டெல் பத்தொன்பது வருடம் கூரை பொருத்தும் வரிசையில் நின்றவர். அங்கே மணிக் கணக்கில் கூலி கிடையாது, வண்டிக் கணக்குத்தான். இன்றைக்குப் பதினாறு வண்டி என்றால் பதினாறாவது வண்டி வாசலைத் தாண்டியதும் வீட்டுக்குப் போகலாம். அதனால் விடிவதற்கு முன் தொடங்கி, நடக்க வேண்டிய இடத்தில் ஓடி, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வெளியே வந்துவிடுவார்கள். முதலாளிகள் இதற்கு உழைப்பாளியின் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தில் விட்டுப்போன நான்கு விரல் பசைக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. அது மூன்றாவது வருடம் யாருடைய தலையணை மேலோ சொட்டும்போது, தொழிற்சாலை கொடுத்த உத்தரவாதம் முடிந்து போயிருக்கும்.

வெண்டெல் தன் வண்டியை முன்பின் தெரியாத ஒருவரிடம் பழையதாக வாங்கினார். முதல் கோடையில் படுக்கைக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கியைக் கழற்றிப் பார்த்தபோது, அடியில் இருந்த பழைய பசைக் கோடு இடது பக்கமாகச் சுழித்து முடிந்திருந்தது. அந்த வரிசையில் இடக்கைக்காரர் அவர் ஒருவர்தான். கோட்டின் நடுவில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றுமே இல்லை. கீழே மரச்சட்டம் கறுத்துப் போயிருந்தது.

“நான்தான் அடிச்சிருக்கேன்,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். “அன்னைக்கு என்ன அவசரமோ. மீன் பிடிக்கப் போயிருப்பேன்.”

சட்டத்தை மாற்றினார். அன்றிலிருந்து அந்த வண்டியை அவர் பராமரித்த விதத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. டயர் கடையில் இலவசமாகக் கொடுக்கும் சுவர்க் காலண்டர் ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கும். அதன் கட்டங்களில் பென்சிலால் எழுதியிருப்பார். மே மாதம் தண்ணீர்த் தொட்டிக்குப் பிளீச். ஜூலையில் டயர்களுக்கு வெயில் படாமல் உறை, ஏனென்றால் ஓடாத வண்டியின் டயர் ஓடுகிற வண்டியின் டயரைவிடச் சீக்கிரம் சாகும். செப்டம்பரில் சூடேற்றியின் புகைவாயிலிருந்து குளவிக்கூட்டைச் சுரண்டி எடுப்பது. அக்டோபரில் பாவாடை கட்டுவது. வண்டியின் அடியில் காற்று புகாமல் சுற்றிலும் தெர்மாகோல் பலகை நிறுத்துவதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பிறகு மார்ச் வரை கூரையிலிருந்து பனியைத் தள்ளுவதும், சன்னல் ஓரம் வழியும் மூச்சு ஈரத்தைத் துடைப்பதும்.

“டாக்டர் என்னை மாசத்துக்கு ஒரு தடவ பாக்குறார். இந்த மனுஷன் வண்டிய தெனம் பாக்குறார்,” என்பாள் அவர் மனைவி லவோன். “அடுத்த பிறவில நானும் ஒரு டிரெய்லரா பொறந்துக்குறேன்.”

“பொறந்தா நல்ல ஃபாக்டரியா பாத்துப் பொற,” என்பார் வெண்டெல்.

லவோனின் சிறுநீரகங்கள் நான்கு வருடத்துக்கு முன் நின்றுவிட்டன. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் டயாலிசிஸ். அந்த நிலையம் எங்கள் பார்க்கிலிருந்து ஏழு நிமிடம். மிச்சிகன் ஏரியிலிருந்து பனி அடித்துக்கொண்டு வரும் நாள்களில் அந்த ஏழு நிமிடம் நாற்பதாகும். ஆனால் போய்விடலாம். இந்த இடத்தின் மதிப்பு அவர்களுக்கு அதுதான். ஆறோ, மர நிழலோ அல்ல.

நான் மூன்று வருடத்துக்கு முன், நூலகத்தில் ஆட்குறைப்பு செய்தபோது வேலையை இழந்து, வீட்டை விற்று, புத்தம்புதிய டிரெய்லர் ஒன்றோடு முப்பத்திரண்டாம் மனைக்கு வந்து சேர்ந்தேன். முதல் ஜனவரியில், குழாய் உறையாமல் இருக்க இரவெல்லாம் தண்ணீரைச் சொட்டவிட்டேன். வீடுகளில் அப்படித்தான் செய்வோம். காலையில் கழிவுத் தொட்டியிலிருந்து வெளியே போகும் குழாய் முழுவதும் ஒரே பனிக்கட்டியாக, கையால் தட்டினால் இரும்புபோல் சத்தம் கேட்டது. ஹேர் டிரையரோடு பனியில் படுத்திருந்த என் தலைக்கு மேல் ஒரு ஜோடி காலணி வந்து நின்றது.

“என்ன லைப்ரரி, குழாய்க்குள்ள ஐஸ் கம்பெனி ஆரம்பிச்சிருக்கியா?”

அன்றிலிருந்து வெண்டெலுக்கு நான் லைப்ரரிதான்.

“சொட்டவிட்டா உறையாதுன்னாங்களே.”

“அது வீட்டுக்கு. இங்க ஒவ்வொரு சொட்டும் போய் குழாய்ல உக்காந்து உறையும். வால்வ மூடி வை. தொட்டி நெறையட்டும். நெறைஞ்சதும் ஒரேயடியா தொற.”

“வண்டியோட குடுத்த புத்தகத்துல அப்படி இல்லையே.”

“அத எழுதினவன் புளோரிடாவுல இருக்கான்.”

அந்த வசந்தத்தில் என் கூரைக்கும் அவரே ஏறினார். இறங்கி வந்து காபி கேட்டார். பிறகு ஈரம் பார்க்கும் சின்ன மீட்டரை எடுத்துவந்து, என் படுக்கையறை மூலையில் அதன் இரண்டு ஊசிகளையும் வைத்தார். பத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்த மரம். எனக்கு முப்பத்தைந்து காட்டியது. வண்டிக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. வாரக்கணக்கில் வேலை செய்து ஒழுக்கை நிறுத்தினார். ஆனால் தரை அந்த மூலையில் இன்றும் காலடியில் மெத்தென்று அமுங்கும்.

போன ஜூன் மாதம் பார்க் கைமாறியது. வாங்கியது எங்கேயோ ஒரு பெருநகரத்துக் கம்பெனி. மேலாளர் ரோண்டா ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு நீல உறையைச் செருகிவிட்டுப் போனாள். அக்டோபர் முப்பத்தொன்றுக்குப் பிறகு, தயாரித்துப் பத்து வருடத்துக்கு மேலான வண்டிகளுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று உள்ளே எழுதியிருந்தது. பார்க்கின் ஒரே சீரான தோற்றத்துக்காகவும் விருந்தினர்களின் பாதுகாப்புக்காகவும் இந்த ஏற்பாடாம். பதினோரு வருடமாக மாதம் தவறாமல் மனை வாடகை கட்டிய வெண்டெலை விருந்தினர் என்று அழைத்திருந்தார்கள்.

வெண்டெலின் வண்டிக்குப் பதினான்கு வயது. என்னுடையதற்கு மூன்று.

பதினோரு காலண்டர்களையும் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு அவர் அலுவலகத்துக்குப் போனார். நானும் போனேன். ரோண்டா எங்களைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். முப்பது வயதுப் பெண். அவளும் பார்க்கின் கடைசி மனையில்தான் குடியிருக்கிறாள்.

“வெண்டெல், எனக்கு இதெல்லாம் காட்டணுமா? போன ஜனவரில என் ஹீட்டர சரி பண்ணினது யாரு?”

“அப்ப அவங்களுக்குக் காட்டு.”

“அவங்ககிட்ட எதையும் காட்ட முடியாது. ஒரு ஃபாரம்தான். நான் நெரப்புறேன், அது பதில் சொல்லுது.”

“நீ வந்து பாத்துட்டு நெரப்பு.”

அவள் வந்தாள். சனிக்கிழமை காலை முழுவதும் வெண்டெல் அவளை வண்டியின் ஒவ்வொரு மூலைக்கும் கூட்டிப்போய் ஊசியை வைத்துக் காட்டினார். எட்டு. ஒன்பது. எட்டு. குளியலறைச் சுவரில்கூட ஒன்பது. ரோண்டா எண்களைத் தன் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள். நான் பொறுக்கமாட்டாமல் என் வீட்டையும் பார்க்கச் சொன்னேன். படுக்கையறை மூலையில் ஊசி வைத்ததும் மீட்டர் கத்த ஆரம்பித்தது. முப்பத்தொன்று.

“அந்த ஓரம் காஞ்சுக்கிட்டு வருது,” என்றார் வெண்டெல் அவசரமாக. தனக்காக வந்த இடத்தில் எனக்காக வாதாடினார்.

ரோண்டா அங்கிருந்தே கம்பெனியை அழைத்து, எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள். நீண்ட நேர இசைக்குப் பிறகு ஓர் இளைஞனின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான்.

“வண்டி எந்த வருஷம்?”

ரோண்டா சொன்னாள்.

“என் திரையில அது சிவப்புல வருதுங்க.”

“நான் நேர்ல பாத்தேன். படம் அனுப்புறேன். இந்தப் பார்க்லயே இதவிட நல்ல கூரை இல்ல.”

“அனுப்பலாங்க, ஆனா எங்க போடுறதுன்னு தெரியல. ஃபாரத்துல கூரைக்குக் கட்டம் இல்லை.”

“மேல யார்கிட்டயாவது பேச முடியுமா?”

“அவங்களும் இதே திரையத்தான் பாப்பாங்க.”

வெண்டெல் மீட்டரின் ஊசிகளைத் துடைத்து மூடி போட்டார். “பையன்மேல தப்பில்ல,” என்றார்.

பையன் மேல் தப்பில்லை. ரோண்டா மேல் தப்பில்லை. யார் மேலும் தப்பில்லாதபடி கவனமாகக் கட்டப்பட்ட அநியாயம் இது. பத்து என்ற எண்ணுக்கு என்ன ஆதாரம் என்று நான் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு பார்க் வைத்தது, மற்றவை பின்பற்றின. மரத்துக்கு ஈரம் தெரியும், ரப்பருக்கு வெயில் தெரியும். இரண்டுக்கும் வருடக் கணக்குத் தெரியாது. அளக்கத் தெரியாத காலத்தில் குத்துமதிப்பாக விதி செய்தால் அதை அறியாமை என்று மன்னிக்கலாம். கையடக்கக் கருவி ஒன்று நொடியில் உண்மையைச் சொல்லும்போதும் அதைப் பார்க்க மறுப்பதை என்னவென்று சொல்வது? அளந்தால் என் போன்ற புது வண்டிக்காரர்களைத்தான் முதலில் வெளியேற்ற வேண்டியிருக்கும். புது வண்டிக்காரன் பளபளப்பான விளம்பரப் படத்துக்கு ஆவான். அவ்வளவுதான் விஷயம்.

கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மாவட்ட ஆணையருக்கு ஒன்று, செய்தித்தாளுக்கு ஒன்று. ஆணையர் அலுவலகம் மட்டும் பதில் போட்டது: தனியார் நிலம், வருடாந்திர ஒப்பந்தம், நாங்கள் தலையிட முகாந்திரமில்லை. நல்ல தாளில், நல்ல அச்சில் இருந்தது.

வேறு இடம் தேடும் வேலையை லவோன் எடுத்துக்கொண்டாள். டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் தொலைபேசி. ஒரு புதன்கிழமை வெண்டெலுக்குப் பல் வலி என்பதால் நான் கூட்டிப்போயிருந்தேன். பதினேழு பார்க்குகளை அழைத்தாள். பதினேழு பேரும் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“எந்த வருஷமா?” என்றாள் லவோன் பதினேழாவது ஆளிடம். “வண்டியா, நானா? ரெண்டுமே சொல்ற மாதிரி இல்ல.”

அவர் சிரித்தார். பிறகு இல்லை என்றார்.

பதினெட்டாவது ஆள் வருடம் கேட்கவில்லை. அறுபத்தெட்டு மைல் தள்ளி, சோளக் காட்டுக்கு நடுவில் ஓர் இடம். லவோன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். அக்டோபர் பாதியில் தண்ணீரை மூடிவிடுவோம், ஏப்ரலில்தான் திறப்போம் என்று அவர் சொன்னதும் விரல் மெதுவாக மடங்கியது.

நான் ஒரு யோசனை சொன்னேன். நீங்கள் என் வண்டியில் இங்கேயே இருங்கள், நான் உங்கள் வண்டியை எங்காவது இழுத்துக்கொண்டு போகிறேன், எனக்கு எந்த ஊரும் ஒன்றுதான்.

“உன் மூலைல பூஞ்சை வாசம் வருது லைப்ரரி,” என்றார் வெண்டெல். “அவளுக்கு வர்ற சளிக்கு அதுல ஒரு குளிர்காலம் தாங்காது. ஆனா சொன்ன பாரு, அது போதும்.” பிறகு, “அதோட, என் வண்டிய உன்கிட்ட குடுத்தா திரும்ப ஐஸ் கம்பெனி வச்சிருவ,” என்றார்.

லவோனின் தேவாலயத்தில் பிரார்த்தனைச் சங்கிலி ஒன்று தொடங்கினார்கள். ஒருவர் அடுத்தவரை அழைத்துச் சொல்ல, நாற்பது குடும்பம் ஒரே நேரத்தில் ஜெபித்தது. நாற்பது குடும்பம் ஒரே நேரத்தில் அந்தக் கம்பெனியைத் தொலைபேசியில் அழைத்திருந்தால் ஒருவேளை ஏதாவது அசைந்திருக்கும் என்று நான் சொன்னேன்.

“ஜெபிக்கட்டும் விடு,” என்றார் வெண்டெல். “கூடவே சீஸ் போட்டு சுட்ட நூடுல்ஸ் வந்துச்சு. அது நல்லாத்தான் இருந்துச்சு.”

செப்டம்பரில் அவர் குளவிக்கூட்டைச் சுரண்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. காலண்டரில் எழுதியிருந்தது, செய்தார். அக்டோபர் மூன்றாவது வாரம் லவோனின் அண்ணன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட, வெண்டெல் வண்டி விற்பவரிடம் போனார். அவரும் முதலில் கேட்டது அதே கேள்விதான். எட்டும் ஒன்பதும் காட்டுகிற சுவர்களைக் கொடுத்துவிட்டு, தவணையில் இரண்டு வயது வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டார். பழைய வண்டியை மான் வேட்டைக்காரர் ஒருவர் காட்டுக்குள் நிறுத்த வாங்கியிருக்கிறாராம். வருடத்தில் இரண்டு வாரம் அதில் படுப்பாராம்.

அது போன நாளில் வெண்டெல் பின்னால் நடந்து வாசல்வரை போனார். டயர் ஒவ்வொன்றையும் பார்த்தார். ஓட்டுநரிடம், “வலது பக்க பிரேக்க நான் மே மாசம் மாத்தினேன், பயப்படாம மிதிங்க,” என்றார். அந்த ஆள் காதில் பாட்டு மாட்டியிருந்தார்.

புது வண்டி பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் மலையும் கழுகும் வரைந்திருந்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரம் அதிகம், அதனால் பழைய பாவாடைப் பலகை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. இரண்டு நாள் அறுத்து ஒட்டிச் சமாளித்தார். நவம்பர் முதல் தேதி சனிக்கிழமை. ஏணியைச் சாத்தி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குளிர் காதை அறுத்தது. மேலே முட்டியும் பலகையும் நகரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. படுக்கைக்கு மேல் வரும் இடத்தில் நின்றது.

“என்ன?” என்றேன்.

“இங்க ஒண்ணுமே இல்ல.”

“எவ்வளவு தூரத்துக்கு?”

“நாலு விரல்.” பலகை கொஞ்சம் முன்னும் பின்னும் நகரும் சத்தம் கேட்டது. “அடிச்சவனுக்குப் பன்னெண்டு மணி ஆகியிருக்கும்,” என்றார் மேலிருந்து. திட்டுகிற குரல் அல்ல அது.

துப்பாக்கியில் பசை இருந்தது. ஆனால் அந்தப் பசை குளிரில் பிடிக்காது. ஈர ரப்பரில் அடித்தால் தோல்போல் உரிந்து வரும். இது எல்லாரையும்விட அவருக்குத் தெரியும். இருந்தும் அடுப்பில் பசைக் குழலைச் சூடாக்கி, கூரையில் ஹேர் டிரையர் பிடித்து, இரண்டு முறை முயன்று பார்த்தார். இரண்டு முறையும் மறுநாள் காலை கையோடு வந்தது. கடைசியில் ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கிவந்து கூரைக்கு மேல் இழுத்து நான்கு மூலையிலும் கட்டினார்.

பத்தாம் தேதி திங்கட்கிழமை ரோண்டா வந்தாள். படியில் ஏறாமல் கீழேயே நின்றாள். கையில் நீல உறை.

“வெண்டெல், அத எடுக்கணும். ஏழு நாள் குடுத்திருக்காங்க.”

“கூரை ஒழுகுது ரோண்டா.”

“தெரியும். சொன்னேன்.” அவள் எங்கள் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை. “கூரைக்குத்தான் கட்டம் இல்ல. தார்ப்பாய்க்கு இருக்கு.”

நான் ஏதோ கத்தினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ரோண்டா அழுதது மட்டும் நினைவிருக்கிறது. வெண்டெல் அவளிடமிருந்து உறையை வாங்கி, “ஹீட்டர் எப்படி ஓடுது?” என்று கேட்டார். அவள் நன்றாக ஓடுகிறது என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஏழாவது நாள் மாலை தார்ப்பாயை அவிழ்த்து மடித்தார். அன்றே பனி விழத் தொடங்கியது. விழும்போது ஒன்றுமில்லை, உள்ளே சூடேற்றி ஓடி, கூரைப் பனி அடியிலிருந்து உருகும்போதுதான் ஒழுக ஆரம்பிக்கும். மறுநாள் காலை லவோன் டயாலிசிஸுக்குக் கிளம்புவதற்கு முன் நான் உள்ளே போனபோது, இருவரும் படுக்கையைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார்கள். காற்றுப்போக்கியின் விளிம்பில் ஒரு துளி பெரிதாகிக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் டயர் கடையின் அடுத்த வருடக் காலண்டர் வந்துவிட்டது. வெண்டெல் அதில் ஏப்ரல் மாதத்தைத் திருப்பி, முதல் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னும் எத்தன வாரம்?” என்றாள் லவோன், கோட்டுக்குள் கையை நுழைத்தபடி.

“இருபது, கொஞ்சம் கொறைய.”

அவள் தரையில் அவர் வைத்திருந்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

“அப்ப பெரிய பாத்திரமா எடு,” என்றாள்.